திருவொற்றியூர் கல்வெட்டு: சுண்ணாம்பு அடைத்த எழுத்தைப் படிப்பது எப்படி?

பிரளய வெள்ளம் ஒற்றி விலகியதால் ஒற்றியூர் என்கிறது தலபுராணம். அரசனின் ஆணை ஓலையில் ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இறைவனே இடைச்செருகியதாக இன்னொரு கதை. எழுத்தறியும் பெருமான் என்ற பேர் அப்படி வந்தது. அங்கேயே எழுத்து புரியாமல் நிற்கிறேன்!

இங்குள்ள ஆதிபுரீசுவரர் கோயில் கருவறை, முதலாம் ராஜேந்திரன் காலக் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்), தூங்கானை மாடம் (படுத்த யானையின் பின்புறம்போல் வளைந்த அமைப்பு). பின்பக்க அதிட்டானத்தில் (சுவரின் அடித்தளப் பகுதியில்) ஒரு வரி, இரண்டு வாரமாகப் பிடிபடவில்லை. கல் வளைவதால் நாலு துண்டாகப் படமெடுத்தேன். டார்ச்சைச் சுவரோடு சாய்த்தும், பள்ளத்தில் பழைய சுண்ணாம்பு இறுகியிருப்பதால் நிழல் விழவில்லை. புள்ளியில்லாத ‘ஒறறியூ’ வரை தெளிவு. அடுத்தது ரகரமா, துணைக்காலா? அக்காலத்தில் இரண்டும் ஒரே உருவம். மைப்படிக்கு (கல்மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படிக்கு) அனுமதி இல்லை, சுரண்டினால் எழுத்தே பெயரும்.

கல்லைத் தொடாமல் இதைப் படிக்க என்ன வழி?