கல்யாணப் பூ வேலையை நாமே செய்துகொள்ளலாமா?

கேள்வி:
வணக்கம். என் தங்கைக்குக் கல்யாணம், இன்னும் 2 மாதம் இருக்கிறது. பூவுக்குக் கேட்கும் தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை. தங்கைக்கு ஒரு பூங்கொத்து, தோழிகளுக்குச் சின்னதாக 4, சட்டையில் குத்துவதற்கு 6, மேசைகளுக்கு 12 ஜாடி. இவ்வளவையும் நானே செய்யலாமென்று நினைக்கிறேன். எனக்குப் பூ வேலை பழக்கமில்லை. முதல் நாளே கட்டி வைத்தால் காலையில் வாடிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். அவள் ஆசைப்படுவது பெரிய பந்துபோலக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா.

பதில் 1:
தாராளமாகச் செய்யலாம். என் அக்கா கல்யாணத்துக்கு நான்தான் செய்தேன். கட்டுவது ஒரு சாயங்காலத்தில் கைக்கு வந்துவிடும். பூவை உயிரோடு வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

ஞாயிறு கல்யாணம் என்றால் வியாழனன்றே பூவை வாங்கிவிடுங்கள். ரோஜா மொட்டாக வந்தால்தான் நல்லது, விரிய இரண்டு நாள் ஆகும். வந்தவுடன் தண்டின் நுனியை 2, 3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலையை எல்லாம் உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வாளியைச் சோப்பு போட்டுத் தேய்த்த பிறகுதான் பூவை வைக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். கார்னேஷன் பூக்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். கீழ்த்தட்டில் பழுத்த பழங்கள் இருந்தன. காலையில் திறந்தால், இதழெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, தூங்குவது போல மூடிக்கிடந்தது. பழம் பழுக்கும்போது எத்திலீன் வாயு வெளிவரும், கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு அன்று மனசே வரவில்லை. தயவுசெய்து பழத்தோடு மட்டும் வைக்காதீர்கள்.

அளவு: பெரிய கொத்துக்கு 25 தண்டு, சின்னதுக்குப் பத்துப் பத்து, ஜாடிக்கு ஐந்து, சட்டைக்கு ஒன்று வீதம். கூட்டினால் 131 வருகிறது. ஒடிந்துபோவதற்கும் சேர்த்து 150 வாங்குங்கள். மூன்று வகைக்கு மேல் போகாதீர்கள். ரோஜா, கார்னேஷன், இடைவெளி நிரப்ப ஜிப்சோஃபிலா என்னும் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போதும். கார்னேஷனை மட்டமான பூ என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலைந்தை நெருக்கிக் கட்டிப் பாருங்கள், அவ்வளவு அழகு! விலையும் ரோஜாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கொத்து கட்டும்போது ஒவ்வொரு தண்டையும் ஒரே பக்கம் சாய்த்து வைத்து, கையிலுள்ள கொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். தண்டுகள் திருகுபோலப் படிந்து, மேலே தானாகவே வட்டமாக விரியும். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தைக் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்க விடுங்கள். ரிப்பனைக் காலையில் தண்டைத் துடைத்துவிட்டுச் சுற்றினால் போதும்.

பதில் 2:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஹைட்ரேஞ்சியா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது தண்ணீர் இல்லாமல் சீக்கிரம் துவளும், அதனால் ஜாடிகளில் மட்டும் வையுங்கள். துவண்டால் பதற வேண்டாம், பூத்தலையைத் தண்ணீரில் கவிழ்த்து அரைமணி நேரம் ஊற விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். சட்டைப் பூவுக்குத் தண்ணீர் கிடையாது என்பதால் கார்னேஷன்தான் நம்பகமானது. அப்புறம், பூ கட்டும் பச்சை டேப்பை இழுத்தபடியே சுற்ற வேண்டும். இழுத்தால்தான் அதில் பசை பிடிக்கும். இது தெரியாமல் நிறையப் பேர் டேப் மட்டம் என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் குளிர்பெட்டியில் இத்தனை பூவுக்கு இடம் இருக்காது. அறையில் வைத்தால் தாங்குமா?

பதில் 1:
தாங்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான அறையாகப் பாருங்கள். வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படக்கூடாது. அடுத்த வாரமே பத்துத் தண்டு வாங்கி ஒரு கொத்து கட்டி, அந்த அறையில் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், அதை வைத்து, எத்தனை நாள் முன்பே பூ வாங்குவது என்பதைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறேன்.