ரெண்டு கையும் வேலையில இருக்கும்போது வெளிச்சம்: நெத்தி லைட்டு வாங்கினவங்க சொல்லுங்க

பணகுடிக்காரன்: வீட்டுக்கு ஒண்ணு, தோட்டத்துக்கு ஒண்ணு தலையில மாட்டுற லைட்டு வாங்கணும். கடையில போனா 150 ரூபாய்க்கும் இருக்கு, 2000 ரூபாய்க்கும் இருக்கு. வச்சுப் பாத்தவங்க சொன்னா நல்லது.

வள்ளியூர் மோட்டார் மெக்கானிக்: அண்ணாச்சி, டப்பாவுல போட்டிருக்க லூமென்ஸப் பாத்து, அதான் வெளிச்சத்தோட அளவப் பாத்து, மயங்கிராதீங்க. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள முகத்த விட்டு வேலை பாக்க 100, 150 லூமென்ஸ் தாராளம். அதுக்கு மேல போனா பித்தளை டெர்மினல்ல பட்டுத் திரும்பி நம்ம கண்ணத்தான் கூசும். ஒத்தக் கோடா தூரத்துக்கு அடிக்க லைட்டு காவலுக்குச் சரி. ரிப்பேருக்கு வெளிச்சம் பரவலா விழணும்; தலைய ஆட்டாம லைட்ட மட்டும் கீழ சாய்க்க வரணும்.

இதவிட முக்கியம் கலரு. போருக்குள்ள இறக்குத சப்மெர்சிபிள் மோட்டார் கேபிள்ல சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு வயர், ஒவ்வொண்ணும் ஒரு ஃபேஸ். நீலம் பூத்த மட்டமான எல்இடி வெளிச்சத்துல சிவப்பு செத்துப்போய் பழுப்பாத் தெரியும். சேறு பிடிச்ச வயர்னா கேக்கவே வேண்டாம். ரெண்டு ஃபேஸ் இடம் மாறிட்டுன்னா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். ஓடுத சத்தம் வரும், தண்ணி மட்டும் நூலா வரும். தோட்டக்காரரு போர் வத்திட்டுன்னு தலையில கை வச்சு நிப்பாரு. அதனால கடைக்குப் போம்போதே சிவப்புல ஒரு துண்டு, பழுப்புல ஒரு துண்டு வயர் கொண்டு போயி, நிழலான இடத்துல அடிச்சுப் பாருங்க. கடைக்காரர் முறைப்பாரு, முறைக்கட்டும்.

கைய ஆட்டினா எரியுத சென்சார் மாடல் இந்தச் சோலிக்கு ஆகாது. ஸ்பேனர முகத்துக்கு நேர கொண்டு போனாலே அணஞ்சிரும். அணைக்கணும்னா மினுக்கு மினுக்குன்னு வெட்டுத மோடத் தாண்டித்தான் போவணுங்கிற பொத்தானும் சனியன். லைட்டு எதுவானாலும் மெயின இறக்கி, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கைய வைக்கணும்.

களக்காடு வாழைக்காரன்: தண்ணி பாய்ச்சப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். வரப்புல நடக்க நெத்தி லைட்ட மட்டும் நம்பக்கூடாது. வெளிச்சம் கண்ணு பக்கத்துல இருந்தே போறதால நிழல் நமக்குத் தெரியாது. தரையெல்லாம் ஒரே தட்டையா இருக்கும். வாழைச் சருகுக்குள்ள விரியன் கிடந்தா சருகாத்தான் தெரியும். கையில ஒரு டார்ச்ச முழங்கால் உயரத்துல பிடிச்சா நிழல் நீளமா விழும், மேடு பள்ளம் பிரிஞ்சு தெரியும். மடை வெட்ட மண்வெட்டி எடுக்கும்போது மட்டும் நெத்தி லைட்டு.

மழை பெஞ்ச மறுநாள் ஈசல் கிளம்புச்சுன்னா மொத்தமும் மூஞ்சிலதான். வாயத் திறக்க முடியாது வே. சிவப்பு வெளிச்சம் உள்ள மாடல்னா பூச்சி அவ்வளவா வராது.

சிந்துபூந்துறை அக்கா: எங்களுக்கு 2023 டிசம்பர் வெள்ளந்தான் அனுபவம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மழை. ராத்திரி வீட்டு முன்கட்டுத் தார்சாவுல தண்ணி ஏறிட்டு, கரண்ட் கிடையாது. அத்தைய ஒரு கையில பிடிக்கணும், அரிசி மூட்டையப் பரணுக்கு ஏத்தணும். போன் லைட்ட போட்டா சார்ஜ் போயிரும். தாக்கல் சொல்ல அந்த ஒரு போன்தான். பிள்ளைக்கு வாங்கின சின்ன நெத்தி லைட்டுதான் அன்னைக்கு எல்லாத்துக்கும். அது மூணு ஏஏஏ செல் போடுறது. செல் தீந்ததும் டிவி ரிமோட்டுலயும் ஏசி ரிமோட்டுலயும் கழத்திப் போட்டோம். சார்ஜ் ஏத்துற மாடலா இருந்தா ரெண்டாம் நாள் தூக்கிப் போட்டிருக்கணும்.

பணகுடிக்காரன்: அப்போ சார்ஜ் லைட்டே வேண்டாமா?

வள்ளியூர் மோட்டார் மெக்கானிக்: தினம் வேலைக்குப் போறவனுக்கு அதுதான் கட்டுபடி ஆகும். ஆனா உள்ள இருக்க 18650 செல்ல, அதான் சார்ஜ் ஏறுத உருளை பேட்டரிய, நம்மளே கழத்தி மாட்டுற மாதிரி பாத்து வாங்குங்க. வீட்டுக்கு அக்கா சொன்ன ஏஏஏ மாடல், செல்லக் கழத்தித் தனியா வச்சிருங்க. உள்ளயே கிடந்தா ஒழுகி ஸ்பிரிங் பச்சை பூத்துரும். தண்ணி எவ்வளவு தாங்கும்னு டப்பாவுல ஐபிஎக்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும்; ஐபிஎக்ஸ்4 போட்டிருந்தா சாரலுக்குத் தாங்கும், முங்கினா தாங்காது. ஐபிஎக்ஸ்7னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம். தொட்டிக்குள்ள இறங்குற சோலி இருந்தா அதுக்குக் காசு கொடுக்கலாம், இல்லைன்னா வேண்டாம்.