ஆடிக் காற்றில் பேயாட்டம், காலையில் அசையவே மாட்டேங்குது

கேள்வி:
உடுமலைப் பக்கம் எங்கள் ஊர்ப் பூங்காவில் காற்றில் சுற்றும் சிற்பம் வைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. 12 அடிக் கம்பம், அதன் தலையில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு அலுமினியத் தகடு. வளையங்களைச் செய்து மொட்டை மாடியில் மாட்டிப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் மதியத்தில் பேயாட்டம் ஆடுகிறது, காலை இளங்காற்றுக்கு அசையவே இல்லை. எப்போது நின்றாலும் ஒரே தகடு கீழே வந்துதான் நிற்கிறது. பேரிங்கை மாற்றட்டுமா? அப்புறம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போடணும்?

பதில் 1:
விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேரிங் பாவம், எடைதான் ஒருபக்கமாக இருக்கிறது. காற்றில்லாத அறையில் வளையத்தைச் சுற்றிவிட்டு, நின்றதும் அடியில் வரும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அதற்கு நேர் எதிரே களிமண் ஒட்டிக்கொண்டே வாருங்கள், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை. பிறகு அந்தக் களிமண்ணை எடை போட்டு அதே எடைக்கு வாஷர் முடுக்கிவிடலாம். அதற்கப்புறமும் இறுக்கமாக இருந்தால்தான் பேரிங். ரப்பர் சீல் வைத்தது மழைக்கு நல்லது, ஆனால் உரசும். இரும்பு மூடி வைத்தது லேசாகச் சுற்றும், தண்ணீர் புகும். நான் இரண்டாவதைப் போட்டு மேலே ஒரு குல்லா வைப்பேன்.

பதில் 2:
அஸ்திவாரத்தை விட்டுவிட்டீர்களே! கட்டுமானங்கள் மீதான காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதை வர்க்கமாக்கி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 912 நியூட்டன், அதாவது 93 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி, அதுவும் 12 அடி உயரத்தில். தகட்டுப் பரப்பும் மண்ணும் தெரியாமல் குழி ஆழம் சொல்கிறவரை நம்பாதீர்கள். குழந்தைகள் ஓடும் இடம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பதில் 3:
ஒரு சின்ன மறுப்பு. முழுச் சமநிலை சுற்றும் வளையத்துக்குச் சரி, முன்னும் பின்னும் ஆடும் அலகுக்கு (கத்தி போன்ற நீண்ட பட்டைக்கு) ஆகாது. அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கி நீண்ட எஃகு அலகுகளின் அடியில் ஈயம் வைத்து அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கனமாகவே விடுவார், அதனால்தான் அவை அவ்வளவு நிதானமாகச் சாய்ந்து திரும்பும்.

கேட்டவர்:
அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன். ரிவெட் தீர்ந்துபோய் ஒரு தகட்டுக்கு மட்டும் போல்ட் நட்டு போட்டிருந்தேன், அதுதான் கீழே வந்து நிற்கிற தகடு! எதிரே 22 கிராம் களிமண் வைத்ததும் இன்று காலை காபி ஆறுவதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மொத்தத் தகட்டுப் பரப்பு 0.9 சதுர மீட்டர் வருகிறது, அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை இன்ஜினியரைப் பார்க்கப் போகிறேன்.