வட்டக்கோட்டையைக் கலைக்கூடமாக்க இயலுமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
பிரான்சின் அந்தீப் நகரில் கடலோரக் கிரிமால்டி கோட்டை பிக்காசோ அருங்காட்சியகமாக விளங்குவதுபோல், கன்னியாகுமரியை அடுத்த வட்டக்கோட்டையிலும் ஓவியங்களை வைக்க இயலாதா?

மறுமொழி (தூத்துக்குடி):
அண்ணாச்சி, அந்தீப்பின் சிறப்பு, படங்கள் அங்கேயே பிறந்தவை என்பதுதான். 1946இல் அக்கோட்டையில் பணியிடம் பெற்ற பிக்காசோ, போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் கித்தான் கிடைக்காமையால், சிமெண்ட் அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் படகுக்குப் பூசும் பெயிண்டைக் கொண்டு வரைந்து, 23 ஓவியங்களையும் 44 வரைபடங்களையும் அவ்வூருக்கே விட்டுச் சென்றார். நம் வள்ளங்களுக்கு அடிக்கும் பெயிண்டின் உறவுதான் அது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!

மறுமொழி (உவரி):
உப்புக்காற்றையும் எண்ணிப் பாருங்கள். கல்லிடுக்கில் ஊறிய உப்பு, ஈரம் காயும்போது படிகமாகிச் சுண்ணச்சாந்தைப் பொடியாக உதிர்த்துவிடும். தாளில் வரைந்தவற்றுக்கோ 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் ஆகாது. வட்டக்கோட்டை மதிலுக்குள் பெரும்பகுதி திறந்தவெளி. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் என்பதால், புதிதாகக் கூரை எழுப்புவதும் எளிதன்று.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் சிற்பங்களை வைக்கலாமே?

மறுமொழி (உவரி):
கருங்கல் சிற்பமானால் தாங்கும். இரும்பு வேண்டவே வேண்டாம்.