புதுப்பிப்பு: காத்திருக்கவில்லை, வாங்கிவிட்டேன்

பழைய நான்காம் தலைமுறை ஐ5 கணினியை மாற்ற இப்போதே வாங்கலாமா, அடுத்த தலைமுறை ப்ராசஸரும் மதர்போர்டும் வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சென்னை ரிச்சி தெருவில் ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம் வாங்கிவிட்டேன்.

முடிவைத் தீர்மானித்தது, போர்டில் ப்ராசஸரை மாட்டும் சாக்கெட்தான். நான் வாங்கிய போர்டில் இருப்பது 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்; அதற்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4-இல் ரைசன் 1000-க்கு வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்து ரைசன் 5000 வரிசையை மாட்ட முடிந்தது. அந்த வரலாறு எனக்குப் பெரிய நம்பிக்கை. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் உள்ள போர்டில் 14-ஆம் தலைமுறைக்கு மேல் போக வழியில்லை; அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200-க்கு 1851 சாக்கெட் வேண்டும். அப்புறம், 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தால், காத்திருந்து மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கே நிற்கவில்லை. பழைய கணினியில் இருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

நம்ம ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில் அதிகம் சூடாகாத 65 வாட் சிப் உண்மையிலேயே நிம்மதி. கூடவே வந்த கூலரே எனக்குப் போதுமாக இருக்கிறது.

போர்டு எடுப்பவர்கள் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பழைய பயாஸுடன் கிடைத்த போர்டையும் ப்ராசஸர் இல்லாமலே, ஒரு பென்டிரைவ் வைத்துப் புதுப்பித்துவிடலாம்.