381-இன் 25 இஞ்ச் பாரை 372-இல் மாட்டலாமா, கூடாதா?

பலகைப்பித்தன்:
வணக்கம் எல்லாருக்கும். என்னிடம் இருப்பது ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி சங்கிலி ரம்பம். சிங்கப்பூர் சுங்கை கடுட்டில் தெரிந்தவர் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடம் எடுத்து, சாலையோரத்தில் வெட்டிய தூங்குமூஞ்சி மரத்துண்டுகளைப் பலகையாக அறுக்கிறேன். நண்பர் ஒருவர் தன் பழைய ஸ்டில் எம்எஸ் 381-இன் எஞ்சின் போய்விட்டது என்று அதன் 25 இஞ்ச் பாரையும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) இரண்டு சங்கிலிகளையும் சும்மாவே கொடுத்துவிட்டார். மாட்டிப் பார்த்தால் பார் மேலும் கீழும் ஆடுகிறது. ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் "புஷ் போட்டால் போதும்" என்றார்கள், எங்கள் ஃபோர்மேன் "கம்பெனி மாற்றிப் போட்டால் ரம்பம் செத்துவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? அப்புறம், சங்கிலியை இழுக்கிற 7 பல் ரிம்முக்குப் பதில் 8 பல் போட்டால் சீக்கிரம் அறுக்குமா?

உட்லண்ட்ஸ்வாசி:
தாராளமாக மாட்டலாம். ஸ்டில் பெரிய ரம்பங்களின் பாரில் வால் பக்கத்துப் பிளவு 12 மிமீ, ஹஸ்க்வர்னா பெரிய பாரில் 9 மிமீ. அதனால்தான் ஆடுகிறது. இடைவெளியை அடைக்கப் புஷ் விற்கிறார்கள், போட்டு நட்டை இறுக்கினால் முடிந்தது கதை. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். ஃபோர்மேன்கள் எதையும் கூடாது என்றுதான் சொல்வார்கள், அது அவர்கள் வேலை.

ஏறுகயிறு:
நீங்கள் இரண்டு வருடம் எதை அறுத்தீர்கள் என்று சொல்லவில்லையே. கிளை துண்டுபோடுவது வேறு, ஒன்றரை அடி அகலப் பலகையை நீளவாக்கில் இழுப்பது வேறு, அதில் சங்கிலி முழுநேரமும் மரத்துக்குள் புதைந்தபடியே ஓடும். நான் மரம் ஏறி வெட்டுகிறவன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதே மாதிரி பார் மாற்றிப் போட்டு ஓட்டி, அரைமணி நேரத்தில் பாரின் விளிம்புத் தண்டவாளம் சூட்டில் நீலம் பாரித்துவிட்டது. புஷ் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எண்ணெய்தான் போகவில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:
எண்ணெய் டேங்க் காலியாக இருந்திருக்கும். அதற்குப் பாரைக் குறை சொல்வானேன்.

ஏறுகயிறு:
டேங்க் முக்கால்வாசி இருந்தது, நானே திறந்து பார்த்தேன்.

மூணுநூல்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முப்பது வருடம் ஜொகூர் எஸ்டேட்டிலும் இங்கேயும் ரம்பம் கழற்றி மாட்டியவன் சொல்கிறேன். தம்பி பலகைப்பித்தன், பாரை உன் ரம்பத்தில் வைத்து, எண்ணெய் வெளியே வரும் வாய் எங்கே இருக்கிறது, பாரிலுள்ள துளை எங்கே இருக்கிறது என்று முதலில் பார். இரண்டும் நேராக வராவிட்டால் எண்ணெய் பாரின் முதுகில் வழிந்து உன் காற்சட்டைக்குத்தான் போகும். வாசி சொல்கிற மாதிரி புஷ் போட்டால் ஆட்டம் நிற்கும், அது உண்மை. ஏறுகயிறு சொல்கிற மாதிரி எரிவதும் உண்மை. ஏதாவது அட்டையில் எண்ணெய் தெறிக்கிறதா என்று ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துபோகும், இதற்கு இவ்வளவு சண்டை வேண்டியதில்லை.

சங்கிலியின் பிட்ச், அதாவது கண்ணி இடைவெளியைப் பொறுத்தவரை உனக்கு யோகம். 381, 372 இரண்டிலும் வழக்கமாக வருவது மூணு நூல், அதாவது 3/8 இஞ்ச் பிட்ச். உன் ரிம்மில் அந்தச் சங்கிலி உட்காரும். சந்தேகமிருந்தால் சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கு, 9.5 மிமீ வர வேண்டும். 8.25 வந்தால் அது .325 சங்கிலி, எந்த நூல் கணக்கிலும் அடங்காத சனியன்.

பலகைப்பித்தன்:
நன்றி அண்ணே. அளந்தேன், 9.5-தான். ஆனால் இன்னொன்று: என் பழைய சங்கிலிகள் 1.5 மிமீ தடிமன், இந்தப் பாரில் 1.6 என்று அடித்திருக்கிறது. பழையதையும் இதில் ஓட்டலாமா?

உட்லண்ட்ஸ்வாசி:
0.1 மிமீ. முடி கனம். ஓட்டுங்கள்.

மூணுநூல்:
ஓட்டாதே. கிளை வெட்டுகிறவனுக்கு அந்த முடி கனம் தெரியாமல் போகலாம். பள்ளத்தில் சங்கிலி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே ஓடினால் 25 இஞ்ச் நுனியில் வெட்டு பிறை நிலா மாதிரி வளைந்து வரும், பலகை அறுக்கிறவனுக்கு அதைவிடத் தலைவலி வேறில்லை. தலைகீழாக 1.6 சங்கிலியை 1.5 பாரில் போடப் பார்த்தால் உள்ளேயே இறங்காது, அதாவது இரும்பே உன்னைத் தடுத்துவிடும். தொளதொளவென்று நுழைகிற பக்கம்தான் ஆபத்து. ட்ரைவ் லிங்கையும், அதாவது பார் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகளையும் எண்ணிக்கொள். பார் நீளத்தைச் சொல்லிச் சங்கிலி கேட்டால் கடையில் எதையாவது தருவார்கள்.

ஈசூன்காரன்:
நடுவில் நுழைகிறேன். என்னிடம் எம்எஸ் 180 இருக்கிறது, அதன் பெட்டியிலும் 3/8 என்றுதான் போட்டிருக்கிறது. அப்போ அவருடைய சங்கிலி எனக்கும் பொருந்துமா?

மூணுநூல்:
பொருந்தாது. உங்களுடையது உயரம் குறைந்த 3/8, ஸ்டில்காரர்கள் பிக்கோ என்பார்கள். பெயர்தான் ஒன்று, சங்கிலியை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் வேறு, அரம்கூட 4 மிமீதான். 32 சிசி எஞ்சினுக்குப் பெரிய சங்கிலியை இழுக்கத் தெம்பும் கிடையாது.

உட்லண்ட்ஸ்வாசி:
சரி, தடிமன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். 8 பல்லுக்கு வருவோம், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு சுற்றுக்கு 7 பல் 133 மிமீ சங்கிலியைத் தள்ளும், 8 பல் 152 மிமீ. 14 சதவீத வேகம் இலவசம். தூங்குமூஞ்சி மெத்தென்ற மரம், 71 சிசி ரம்பத்துக்கு அது ஒரு பொருட்டா?

ஏறுகயிறு:
இலவசம் இல்லை, இழுவிசையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். 16 இஞ்ச் பாரில் போடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீளப்பாரை முழுக்கப் புதைத்து இழுக்கும்போது சுற்று இறங்கி, கிளட்ச் வழுக்கிச் சூடேறும். நாளைக்கே தெம்புசு மாதிரிக் கடினமான கட்டை ஒன்று கிடைத்தால் என்ன செய்வார், மறுபடி ரிம் மாற்றுவாரா? பலகைக்கு வேகம் வேண்டுமென்றால் 10 டிகிரிக் கோணத்தில் தீட்டிய நீளவாட்டுச் சங்கிலி வாங்கட்டும், கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 30 டிகிரி.

உட்லண்ட்ஸ்வாசி:
ரிம் மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது, முழு டிரம்மும் மாற்றுகிற பழைய வகையா இது? போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் கழற்றட்டுமே. நான் போட்டிருக்கிறேன், கழற்றப் போவதில்லை.

மூணுநூல்:
அது உங்கள் பாடு. தம்பி, 8 பல்லோ 7 பல்லோ, இப்போது இருக்கிற ரிம்மை நகத்தால் தடவிப் பார். பள்ளம் அரை மிமீக்கு மேல் போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடு, இல்லையென்றால் நண்பர் கொடுத்த நல்ல சங்கிலியையும் அது தின்றுவிடும்.

பலகைப்பித்தன்:
இந்த ஞாயிறு செய்து பார்த்தேன். அட்டையில் ஒரு சொட்டுகூட விழவில்லை, ஏறுகயிறு சொன்னது சரிதான். ரம்பத்தின் வாய் எங்கே படுகிறது என்று மார்க்கரால் குறித்து, கார்பைட் பிட்டால் சாய்வாகத் துளை போட்டு, பாரைத் திருப்பிப் போடுவேன் என்பதால் மறுபக்கமும் ஒன்று போட்டேன். ரிம்மில் பள்ளம் நன்றாகவே விழுந்திருந்தது, புது 7 பல் போட்டேன் (வாசி மன்னிக்கவும்). இப்போது அட்டையில் கோடு விழுகிறது, ஆனால் மெல்லிசாக, விட்டுவிட்டு.

மூணுநூல்:
துளை போட்ட இரும்புத்தூளைப் பள்ளத்திலிருந்து ஊதி எடுத்தாயா?

பலகைப்பித்தன்:
இல்லை அண்ணே. இதோ கழற்றுகிறேன்.