முதல் பத்தில் எட்டுப் பேர் கோல் அடிக்கிறவர்கள்: என் பட்டியல் சரியா?

கோல்கம்பம்:

எல்லாக் காலத்துக்கும் சேர்த்துச் சிறந்த பத்து கால்பந்து வீரர்கள் யார் என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். மெஸ்ஸி, பெலே, மரடோனா, க்ரைஃப், டி ஸ்டெஃபானோ, கிறிஸ்டியானோ ரொனால்டோ, பெக்கன்பவர், பிரேசில் ரொனால்டோ, ஜிடான், புஷ்காஷ். இதே வரிசைதான். மெஸ்ஸியை ரொம்ப நாள் மூன்றாவது இடத்தில் வைத்திருந்தேன். 2022 உலகக் கோப்பையில் குரூப் சுற்றிலும் அதற்குப் பிறகு வந்த நான்கு நாக்-அவுட் ஆட்டங்களிலும் கோல் அடித்து, மொத்தம் 7 கோலோடு கோப்பையையும் தூக்கிய பிறகு மேலே கொண்டு வந்துவிட்டேன். அதில் எனக்குக் குழப்பமில்லை.

குழப்பம் வேறு. எழுதி முடித்துப் பார்த்தால் எட்டுப் பேர் கோல் அடிக்கிறவர்கள். டிஃபெண்டர் ஒருவர், மிட்ஃபீல்டர் ஒருவர், கோல்கீப்பர் யாருமே இல்லை. பதினொரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் இது எனக்கே உறுத்துகிறது. கோல் அடிப்பதுதான் உண்மையிலேயே கஷ்டமான வேலையா, இல்லை நாம் பார்க்கிற விதம்தான் அப்படியா? நீங்கள் எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

---

லிபரோ5:

நாம் பார்க்கிற விதம்தான். ஸ்ட்ரைக்கர் செய்தது கோலாகக் கணக்கில் ஏறிவிடும். டிஃபெண்டர் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே ஒன்றுமே நடக்காது, நடக்காததை யார் எண்ணுகிறார்கள்?

இத்தாலி டிஃபெண்டர் பரேசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 உலகக் கோப்பையில் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அறுவை சிகிச்சை, அத்தோடு அவர் தொடர் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 24 நாளில் திரும்பி வந்து இறுதி ஆட்டத்தில் 120 நிமிடம் ஆடினார். எதிரே பிரேசில் ஸ்ட்ரைக்கர்கள் ரொமாரியோ, பெபெட்டோ. ஒரு கோலும் விழவில்லை. ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் அதற்குப் பிறகு வந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் அவர் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்ததை மட்டும்தான் சொல்வார்கள், அதை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பெக்கன்பவரை ஏழாவதாக வைத்ததும் சரியில்லை. கடைசி டிஃபெண்டராக நின்றுகொண்டு, பந்து கிடைத்ததும் தானே ஏறிப்போய்த் தாக்குதலைத் தொடங்கலாம் என்று உலகத்துக்கே காட்டியவர். 1974-இல் கேப்டனாக உலகக் கோப்பை, 1990-இல் பயிற்சியாளராக உலகக் கோப்பை, பயர்ன் மியூனிக் கிளப்புக்குத் தொடர்ச்சியாக மூன்று ஐரோப்பியக் கோப்பை (கிளப்களுக்கான போட்டி, இன்றைய சாம்பியன்ஸ் லீக்). என் பட்டியலில் நான்காவது. இத்தாலி டிஃபெண்டர் மால்தீனியும் பத்துக்குள் வருவார், ஒரே கிளப்பில் 25 சீசன்.

---

பழைய_ஆட்டம்:

டிஃபெண்டர் விஷயம் இருக்கட்டும். பெலே ஏன் இரண்டாவது? அவர் ஆடிய ஆட்டமும் மெஸ்ஸி ஆடிய ஆட்டமும் ஒன்றல்ல. உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததே 1970-இல்தான், மாற்று வீரரை இறக்கலாம் என்ற விதியும் அதே ஆண்டுதான். அதற்கு முன்னால் உதைத்தே ஒருவரை முடக்கலாம், அவருக்குப் பதில் இன்னொருவர் வரவும் முடியாது. 1966-இல் போர்ச்சுகலோடு ஆடியபோது பெலேவுக்கு நடந்தது அதுதான், அடிபட்டு நொண்டிக்கொண்டே கடைசிவரை மைதானத்தில் நின்றார். அப்படிப்பட்ட காலத்தில், 17 வயதில், 1958 அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று கோல், இறுதியில் சுவீடனுக்கு எதிராக இரண்டு. மூன்று உலகக் கோப்பை வென்ற வீரர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், 1962 கோப்பை பெலேவுடையது அல்ல, அதே பிரேசில் அணியில் ஆடிய கரிஞ்சாவுடையது. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குக் காயம். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு என்று அடித்துக் கொடுத்தவர் கரிஞ்சா. அவர் பெயரே இல்லாத பட்டியலை என்னால் ஏற்க முடியாது.

---

நீலப்பந்து:

பாலன் தோர் (ஆண்டின் சிறந்த வீரருக்கான விருது) எண்ணிக்கையை வைத்து யாரும் வாதம் செய்ய வந்துவிடாதீர்கள். 1994 வரை அது ஐரோப்பிய வீரர்களுக்கு மட்டும்தான், பெலேவுக்கும் மரடோனாவுக்கும் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கிடைத்திருக்காது. 1995-இல் விதியை மாற்றிய உடனே ஜார்ஜ் வேயா வாங்கினார், லைபீரியாக்காரர். அவர் நாடு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே இல்லை. டி ஸ்டெஃபானோவும் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, ஆனால் ரியல் மாட்ரிட் 1956 முதல் 1960 வரை வென்ற ஐந்து ஐரோப்பியக் கோப்பை இறுதியிலும் கோல் அடித்தார். உலகக் கோப்பையை மட்டும் அளவுகோலாக வைத்தால் இவர்கள் இருவரும் காணாமல் போய்விடுவார்கள்.

கோல்கீப்பர் கேட்டீர்களே, சோவியத் யூனியனின் யாஷின். பாலன் தோர் வாங்கிய ஒரே கோல்கீப்பர், 1963-இல். கோட்டிலேயே நிற்காமல் முன்னால் ஏறி வந்து, சத்தம் போட்டு டிஃபென்ஸை நடத்தினார்.

மிட்ஃபீல்டுக்கு ஜிடான் சரி, ஆனால் ஸ்பெயின் மிட்ஃபீல்டர்கள் சாவி, இனியெஸ்டா இருவரில் ஒருவராவது வேண்டும். 2010-இல் ஸ்பெயின் 7 ஆட்டத்தில் 8 கோல் மட்டுமே அடித்து உலகக் கோப்பை வாங்கியது, நாக்-அவுட் ஆட்டம் நான்கும் 1-0. நடுக்களத்தில் பந்தை விடாமல் வைத்திருந்ததே அந்த அணிக்கு டிஃபென்ஸ்.

அப்புறம், நாம் யாருமே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. பிரேசிலின் மார்த்தா, பெண்கள் உலகக் கோப்பைகளில் 17 கோல்.

---

கோல்கம்பம்:

எல்லோருக்கும் நன்றி. மார்த்தாவை யோசிக்காதது என் தப்புதான், பெண்கள் கால்பந்துக்கும் சேர்த்துச் சரியான பட்டியல் போட நான் இன்னும் நிறைய ஆட்டங்கள் பார்க்க வேண்டும்.

ஆண்கள் பட்டியலில் பெக்கன்பவரை நான்காவது இடத்துக்கு ஏற்றிவிட்டேன். பிரேசில் ரொனால்டோவுக்குப் பதில் மால்தீனி. இதை எழுதவே கை வரவில்லை, முழங்கால் நாசமாகி, எழுந்து வந்து 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்தவர் ரொனால்டோ. பத்தாவது இடத்தில் யாஷின், புஷ்காஷ் வெளியே. கரிஞ்சாவுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. பெலே, மெஸ்ஸி வரிசையை மாற்ற மாட்டேன். மெஸ்ஸி அடித்த கோலைவிட அவர் மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்த பாஸ்தான் எனக்குப் பெரிது.

---

பழைய_ஆட்டம்:

புஷ்காஷையா தூக்கினீர்கள்? ஹங்கேரிக்கு 85 ஆட்டத்தில் 84 கோல் அடித்தவர். ஜிடானை எடுத்துவிட்டு அவரைத் திரும்பப் போடுங்கள்.